சேலத்தில் சினிமா தொழிற்சாலை கட்டிய திருச்செங்கோட்டுக்காரர்!

புது வருஷம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு நடக்கும். இந்த வருஷமாவது ஒரு நல்ல செல்போன் வாங்கவேண்டும் என்பான் மகன். துணி துவைக்கும் இயந்திரம் வேண்டும் என்பாள் தாய். சுவர் அளவுக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும் என்பாள் மகள். தகப்பனார் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பொங்கல் கழியட்டும் என்பார்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இந்த ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. கிராமபோன் பெட்டி வந்தபோது அதைச் சுற்றி ஊர் கூடியது. ரேடியோ வந்தபோது பஞ்சாயத்து மைதானத்தில் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். புதிய இயந்திரம் என்றால் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு மோகம் உண்டு.

ஆனால், எல்லோரும் இயந்திரத்தை வாங்கி வீட்டில் வைக்க ஆசைப்பட்ட காலத்தில், ஒருவர் வேறு மாதிரி ஆசைப்பட்டார். இயந்திரங்களைக் கொண்டுவந்து சேலத்து மண்ணில் இறக்கி, சேலத்து ஆட்களை வைத்து, பேசும் படங்களை இங்கேயே செய்யவேண்டும் என்று எண்ணினார். செய்தும் காட்டினார்.

அவர் யார் தெரியுமா?

அவர்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம்!

பொங்கலன்று வந்த வர்ணப் படம்

1956-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. பொங்கல் திருநாள். அன்று தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கூட்டம் தாங்கவில்லை. "அலிபாபாவும் 40 திருடர்களும்" என்ற படம் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம்.

கூட்டத்துக்குக் காரணம் நடிகர்கள் மட்டும் அல்ல. அந்தப் படம் ஆரம்பம் முதல் முடிவு வரை கலரில் இருந்தது. அதற்கு முன்பு சில தமிழ்ப் படங்களில் ஒன்றிரண்டு காட்சிகள் மட்டும் கலரில் வந்தது உண்டு. முழுப் படமும் கலரில் வந்தது அதுவே முதல் தடவை.

கறுப்பு வெள்ளையிலேயே ராஜாவையும் ராணியையும் பார்த்துப் பழகியவர்கள், பட்டுத் துணியின் சிவப்பையும் பச்சையையும் திரையில் பார்த்து வாய் பிளந்தார்கள். அலிபாபாவின் குகையில் குவிந்து கிடந்த பொன் மஞ்சளாகவே தெரிந்தது.

அந்தப் படத்தைத் தயாரித்து இயக்கியவர் சுந்தரம். படக் கம்பெனி இருந்தது சென்னையில் அல்ல, சேலத்தில்!

சீமைக்குப் போன மாணவர்

டி. ஆர். சுந்தரம் என்பதன் விரிவு, திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். திருச்செங்கோடு அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1997-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆனபோது அதில் சேர்ந்தது.

சுந்தரம் 1907-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தார். குடும்பம் வசதியானது. தொழில், ஜவுளி. தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத வட்டாரம் அது. எனவே மகனும் அந்தத் தொழிலையே உயர்ந்த முறையில் கற்கட்டும் என்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்று ஒரு நகரம் உண்டு. கம்பளிக்கும் துணிக்கும் பேர் பெற்றது. அங்கே சுந்தரம் ஜவுளித் தொழில் படித்தார். நெசவாலை எப்படி நடக்கிறது என்பதை அங்கே பார்த்தார். பஞ்சு ஒரு பக்கம் போகிறது, நூலாகிறது, சாயம் ஏறுகிறது, துணியாகிறது, மடித்துக் கட்டி மறு பக்கம் வெளியே வருகிறது. எல்லாம் ஒரே கூரையின் கீழ். மணி அடித்தால் வேலை தொடங்கும். மணி அடித்தால் வேலை முடியும்.

படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்துகொண்டார்.

குடும்பம் எதிர்பார்த்தது ஜவுளி. ஆனால் அவர் மனம் போனது சினிமாவுக்கு!

படம் எடுக்கப் பரதேசப் பயணம்

அப்போது தமிழ் சினிமா கைக்குழந்தை. முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வந்தது 1931-ல்தான். அதை எடுத்தது பம்பாயில். தென்னாட்டில் பேசும் படம் எடுக்க ஸ்டூடியோ கிடையாது. 1934-ல்தான் சென்னையில் அதற்கு ஆரம்பம் ஏற்பட்டது.

அதனால் தமிழ்ப் படம் எடுப்பவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரெயில் ஏறினார்கள். நடிகர்கள், பாட்டுக்காரர்கள், பக்க வாத்தியம், சமையற்காரர், நகைப் பெட்டி, புடவை மூட்டை எல்லாம் கூடவே போகும். மொழி தெரியாத ஊர். பழக்கம் இல்லாத சாப்பாடு. ஸ்டூடியோ வாடகை ஒரு பக்கம், தங்கும் செலவு ஒரு பக்கம். மழை பெய்தாலும் செலவு; நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும் செலவு.

சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியை நடத்தி வந்தார். சுந்தரம் அவருடன் சேர்ந்து படத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அந்தத் தொழிலில் பணம் எங்கே வீணாகிறது, நேரம் எங்கே போகிறது என்று கவனித்தார்.

நெசவாலையைப் பார்த்த கண் அல்லவா? பஞ்சு உள்ளே போய்த் துணி வெளியே வருவதுபோல, கதை உள்ளே போய்ப் படம் வெளியே வரவேண்டும். அதற்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அவர் கட்டியதைப் பார்த்தால், அவருடைய திட்டம் இதுதான் என்று யாருக்கும் விளங்கும்.

ஏற்காடு சாலையில் ஓர் ஊர்

1935-ம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் பிறந்தது. சுந்தரத்துக்கு அப்போது வயது 28.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலையடிவாரத்தில் இடம் அமைந்தது. மலை வேண்டுமா, அருகில் இருந்தது. காடு வேண்டுமா, அதுவும் இருந்தது. அரண்மனை வேண்டுமா, உள்ளே கட்டிக்கொள்ளலாம்!

படப்பிடிப்புக் கூடங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவும் லாபரட்டரி, செட் போடும் தச்சுப் பட்டறை, உடை தைக்கும் இடம், கதை எழுதுவோருக்கு ஓர் இலாகா என்று அது ஒரு சிறிய ஊராகவே வளர்ந்தது. நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாதச் சம்பளம். ஆலைத் தொழிலாளி வேலைக்குப் போவதுபோல அவர்கள் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

முதல் படம் "சதி அகல்யா". 1937-ல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் மேட்டூரில் காவிரித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். சேலம் ஜில்லாவுக்கு அது இயந்திர யுகத்தின் விடியற்காலம்.

சத்தம் எப்படிப் படத்தில் ஏறியது?

பேசும் படம் என்றால் அன்று பலருக்கு ஆச்சரியம். திரைக்குப் பின்னால் ஆள் நின்று பேசுகிறானோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு!

உண்மையில் நடந்தது இதுதான். நடிகர் பேசும் சத்தத்தை மைக் மின்சாரமாக மாற்றும். அந்த மின்சாரம் ஒரு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டும். ஆடும் வெளிச்சம் படச்சுருளின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதியும். தியேட்டரில் அந்தக் கோட்டின் வழியே விளக்கொளி பாயும்போது, ஒளி மறுபடி மின்சாரமாகி, மின்சாரம் மறுபடி சத்தமாகும்.

ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி சுருள் ஓடிவிடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கழுவும்போது மருந்துத் தண்ணீரின் சூடு கொஞ்சம் மாறினாலும் படம் கெட்டுப்போகும். சேலத்து வெயிலில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது விளையாட்டு அல்ல.

இதற்கு ஆரம்பத்தில் வெளிநாட்டு நிபுணர்களும் வந்தார்கள். ஜெர்மானியர் ஒருவர் காமிரா பிடித்தார். அவர்கள் பக்கத்தில் நின்ற நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றார்கள். காலக்கிரமத்தில் காமிராவும் நம்மவர் கைக்கு வந்தது.

மலையாளத்துக்கு முதல் பேச்சு

1938-ம் ஆண்டு ஜனவரியில் "பாலன்" என்ற படம் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் அதுதான். கேரளத்தில் அல்ல, நம் சேலத்தில் எடுக்கப்பட்டது! தயாரித்தவர் சுந்தரம். இயக்கியவர் நொட்டானி.

ஒரு மொழி பேசும் ஜனங்கள் தங்கள் பேச்சை முதன்முதலாகத் திரையில் கேட்பதற்குத் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் காரணமாக இருந்தார். மலையாள சினிமாவின் சரித்திரம் எழுதுகிறவர்கள் சேலத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

ஒரே நடிகர், இரண்டு உருவம்!

1940-ல் "உத்தம புத்திரன்" வந்தது. இயக்கியவர் சுந்தரம். பி. யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் போட்டார். தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் அதுவே முதல் முறை.

ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் நிற்கமுடியும்? ஜனங்களுக்குத் தலை சுற்றியது.

அன்று அதற்கு இருந்த வழி இது. காமிராக் கண்ணின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் திறந்த பக்கத்தில் நின்று நடிப்பார். பிறகு சுருளைப் பின்னால் ஓட்டி, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவருவார்கள். மறைத்த பக்கத்தைத் திறந்து, திறந்த பக்கத்தை மறைப்பார்கள். நடிகர் உடை மாற்றி வந்து மறு பக்கத்தில் நடிப்பார். முதலில் பேசியதற்குச் சரியான நேரத்தில் இப்போது பதில் சொல்லவேண்டும். இடையில் காமிரா ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் பாழ்.

கண்கட்டு வித்தை போலத் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தது பொறுமையும் அளவும்தான்.

1942-ல் "மனோன்மணி" வந்தது. சுந்தரம் பிள்ளை எழுதிய புகழ்பெற்ற நாடகத்தைப் பெரும் செலவில் படமாக்கினார், இந்தச் சுந்தரம்.

யுத்த காலத்துச் சோதனை

பிறகு உலக யுத்தம் நெருக்கியது. படச்சுருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். கப்பலோ யுத்தத்தில்! சர்க்கார் கட்டுப்பாடு போட்டது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். அதாவது இரண்டு மணி நேரம்.

அதுவரை வந்த தமிழ்ப் படங்கள் நீளமானவை. பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அடிக் கணக்குப் பார்த்துக் கதை சொல்லவேண்டி வந்தது. சிக்கனமாக வேலை செய்யத் தெரிந்தவர்களே தாக்குப்பிடித்தார்கள். சுந்தரம் தாக்குப்பிடித்தார்.

யுத்தக் கதையான "பர்மா ராணி"யை அந்தக் காலத்தில் எடுத்தார். அதை இயக்கியதோடு, ஜப்பானிய ராணுவ அதிகாரியாக அவரே வேஷமும் போட்டார். முதலாளி மேஜைக்குப் பின்னால் மட்டும் உட்கார்ந்திருப்பவர் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

மணி தவறாத ஸ்டூடியோ

சுந்தரம் கண்டிப்பானவர் என்று பேர். நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது. பெரிய நடிகர், சிறிய நடிகர் என்ற பேதம் அதில் கிடையாது.

இது வெறும் கோபம் அல்ல. ஒரு கூடத்தில் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மணி நேரம் தாமதித்தால், ஐம்பது மணி நேர வேலை வீண். விளக்குகள் எரிந்தபடி இருக்கும். சம்பளம் ஏறியபடி இருக்கும். இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம். கழிந்த நேரத்தை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது.

இந்தக் கண்டிப்பு சிலருக்குக் கசந்திருக்கும். சந்தேகம் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையும் அதே கண்டிப்பிலிருந்துதான் வந்தது. சென்னைக்கு வெளியே இருந்த ஒரு கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது என்றால், அதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான்.

சேலத்துக்கு வந்தவர்கள்

1950-ம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸுக்கு நல்ல ஆண்டு. "திகம்பர சாமியார்" வந்தது. அதில் எம். என். நம்பியார் கதாநாயகனாகப் பதினொரு வேடங்களில் தோன்றினார். வில்லன் என்றே நாம் அறிந்த நம்பியார்!

அதே ஆண்டில் "மந்திரி குமாரி" வந்தது. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். இயக்கியவர்கள் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும். வசனம் எழுதியவர் 1969-ல் தமிழ்நாட்டின் முதல்வர் ஆனார். கதாநாயகன் 1977-ல் முதல்வர் ஆனார். இருவரும் இளமையில் ஏற்காடு சாலையில் நடந்து வேலைக்குப் போனவர்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

கண்ணதாசனும் அங்கே எழுதினார். 1953-ல் வந்த "திரும்பிப் பார்" படத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். மனோரமா கதாநாயகியாக நடித்த முதல் படமான "கொஞ்சும் குமரி"யும் மாடர்ன் தியேட்டர்ஸ் படமே. அது 1963-ல் வந்தது.

அமெரிக்கர்களும் தேடி வந்தார்கள். 1952-ல் வந்த "தி ஜங்கிள்" என்ற ஆங்கிலப் படம் அமெரிக்கக் கம்பெனியுடன் சேர்ந்து எடுத்தது. ராட் கேமரான், சீசர் ரோமரோ முதலிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். பூர்வகாலத்து ரோம யானைகள் கதையில் வரும். அதற்கு நம் யானைகளுக்கே ரோமம் போர்த்தி நடிக்கவிட்டார்கள்!

மாட்டு வண்டியும் டென்ட் கொட்டகையும்

சேலத்தில் செய்த படம் கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

படப் பெட்டி பஸ்ஸில் வரும். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி கட்டி, தாரை தப்பட்டை முழக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். கலர் கலராக நோட்டீசு வீசுவார்கள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடும்.

இருட்டியதும் டூரிங் டாக்கீஸில் பாட்டு வைப்பார்கள். அந்தப் பாட்டு வயலைத் தாண்டிக் கேட்கும். கடலைக்காட்டில் வேலை முடித்த குடும்பம் கைகால் கழுவிக்கொண்டு புறப்படும். தரை டிக்கெட் எடுத்தவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்கும் சோடாவும் வரும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். மறுநாள் களத்து மேட்டில் பேசிக் காட்டினார்கள். சேலத்து ஸ்டூடியோவின் இயந்திரம் ஓடியது யாருக்காக என்று கேட்டால், இவர்களுக்காகத்தான்.

முதல் பேச்சும் முதல் வர்ணமும்

"அலிபாபா"வுக்குச் சுந்தரம் தேர்ந்தெடுத்தது கேவா கலர் என்ற பெல்ஜிய நாட்டுச் சுருள். கலர்ச் சுருளில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று படலங்கள் இருக்கும். சிவப்பை ஒன்று பிடிக்கும், பச்சையை ஒன்று, நீலத்தை ஒன்று. மூன்றும் சேர்ந்தால் எல்லா நிறமும் வரும்.

அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். வெளிச்சம் கூடினால் சூடு கூடும், செலவும் கூடும். கறுப்பு வெள்ளையில் எந்த நிறப் புடவை கட்டினாலும் கவலை இல்லை. கலரில் புடவை, நகை, சுவர், திரைச்சீலை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும். படம் ஓடாவிட்டால் கம்பெனிக்குப் பெரிய அடி. துணிந்து இறங்கினார். பொங்கல் அவருக்கு நல்ல பொங்கலாகவே அமைந்தது.

1961-ல் "கண்டம் பெச்ச கோட்டு" என்ற மலையாளப் படத்தைக் கலரில் எடுத்தார். மலையாளத்தின் முதல் வர்ணப் படம் அது. 23 ஆண்டுகளுக்கு முன்பு அந்த மொழிக்கு முதல் பேச்சைக் கொடுத்தவர், முதல் வர்ணத்தையும் கொடுத்தார்!

விளக்கு அணைந்தது

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி சுந்தரம் காலமானார். வயது 56.

அவருக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் கம்பெனியை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் பல வந்தன. ஆனால் காலம் மாறிவிட்டது. சினிமா சென்னையில் குவிந்தது. ஸ்டூடியோவை விட்டு வெளிப்புறங்களில் படம் எடுப்பது பெருகியது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, எல்லோருக்கும் மாதச் சம்பளம் கொடுப்பது கட்டாமல் போனது. 1980-களின் தொடக்கத்தோடு மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுப்பது நின்றது.

படப்பிடிப்புக் கூடங்கள் போன பிறகும், ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் தனியே நின்றது. காமிராக்களும் விளக்குகளும் பழையனவாகிப் போயின. எந்த இயந்திரமும் அப்படித்தான். இன்று வாங்கிய செல்போன் நாலு வருஷத்தில் பழசு.

ஆனால் அங்கே தொழில் கற்றவர்கள் பழையவர்களாகிப் போகவில்லை. எழுதக் கற்றவர்கள், நடிக்கக் கற்றவர்கள், காமிரா பிடிக்கக் கற்றவர்கள் போன இடமெல்லாம் அந்தத் தொழிலைக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் மற்றவர்கள் கற்றார்கள்.

புது வருஷத்தில் புதுப் பொருள் வாங்கும் ஆசை நல்ல ஆசைதான். வாங்கிய பொருளை மூடி அலமாரியில் வைக்காமல், அதனால் என்ன வேலை செய்யலாம், அந்த வேலையை யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று வீட்டில் ஒரு நிமிஷம் பேசிப் பாருங்கள். நெசவு படிக்கச் சீமைக்குப் போன திருச்செங்கோட்டு வாலிபர், ஊர் திரும்பி அப்படி யோசித்ததால்தான், மலையடிவாரத்துப் புன்செய்க் காட்டுச் சீமையில் பேசும் படம் பிறந்தது!